ஓடாவிட்டால் இஞ்சின் எனக்கு

பொம்மை ரயில் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். பொம்மை என்றால் உள்ளே ஒன்றும் இருக்காது. என் மேசையில் இருப்பவை இஞ்சின்கள். ஒரு சாண் நீளம்கூட இருக்காது, ஆனால் உள்ளே மோட்டார் உண்டு, பித்தளைப் பல்சக்கரம் உண்டு, கார்பன் உண்டு. திருகியைத் திருப்பித் தண்டவாளத்தில் மின்சாரம் கொடுத்தால் அது சக்கரம் வழியாக ஏறி மோட்டாருக்குப் போகும். சக்கரம் சுத்தமாக இருந்தால் ஓடும், அழுக்காக இருந்தால் நிற்கும். பெரிய இஞ்சினுக்கு இருக்கிற ரோஷம் இதற்கும் உண்டு.

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். சீவலப்பேரி பக்கத்து வயல்களில் எரிந்துபோகும் பம்பு மோட்டார்கள்தான் என் சாப்பாடு. சின்ன இஞ்சின் என்பது சாப்பாட்டுக்கு மேலே வந்த கிறுக்கு. முதல் இஞ்சின் பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. உடைந்த குழாய்களோடு எடைக்குக் கிடந்தது. இவ்வளவு சின்ன மோட்டாருக்கு எவன் காயில் கட்டியிருப்பான் என்று பிரித்துப் பார்த்தேன். அன்று பிடித்தது, இன்னும் விடவில்லை. இப்போது கடைக்கு மேலே ஒரு அறை முழுக்க இஞ்சின்கள். எல்லாம் ஐம்பது அறுபது வருஷப் பழசு. எல்லாம் ஓடும். ஓடாத இஞ்சினை நான் அலமாரியில் வைப்பதில்லை.

இந்தப் பக்கத்தில் இஞ்சின்களைக் கொல்வது துருவும் அல்ல, கறையானும் அல்ல. தேங்காய் எண்ணெய். இங்கே எது கிறீச்சென்றாலும் தேங்காய் எண்ணெய்தான். கதவுக் கீலுக்குத் தேங்காய் எண்ணெய், தையல் மெஷினுக்குத் தேங்காய் எண்ணெய், சீமையிலிருந்து வந்த இஞ்சினுக்கும் அதே எண்ணெய். விட்ட அன்றைக்கு வழவழவென்று ஓடும். பிறகு தூசியைச் சேர்த்துக்கொண்டு பிசினாகிவிடும். பித்தளையில் பச்சை பூக்கும். மார்கழியில் உறைந்தே போய்விடும். என்னிடம் வரும் பத்து இஞ்சினில் எட்டைத் திறக்கும்போதே அந்தச் சிக்கு வாடை மூக்கில் அடிக்கும். விட்ட கையை ஒடிக்கலாம் போல இருக்கும்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. பழைய பெயின்டைச் சுரண்டிவிட்டு பளபளவென்று புதிதாக அடிக்கிறவர்கள். எழுபது வயது ஆளுக்கு மீசைக்கு மை பூசிக் கல்யாண மாப்பிள்ளையாக உட்கார வைப்பது மாதிரி. நான் அந்த வேலை செய்வதில்லை. அழுக்கை எடுப்பேன், பெயின்டைத் தொட மாட்டேன்.

இஞ்சின்கள் அதிகம் கிடைப்பது காயல்பட்டினத்தில். அந்த ஊர் ஆட்கள் முன்பு கொழும்பில் கடை வைத்திருந்தார்கள், பிறகு வளைகுடாவுக்குப் போனார்கள். கொண்டுவந்த சாமானையெல்லாம் கண்ணாடி அலமாரியில் வைத்திருப்பார்கள். பீங்கான் கோப்பைகளுக்கு நடுவில் ஒரு இஞ்சின் நிற்கும். அப்படி ஒரு அலமாரியிலிருந்துதான், மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆவணி மாதம், நான் பல காலமாகத் தேடிக்கொண்டிருந்த இஞ்சின் தானாகக் கடைக்கு வந்தது.

கொண்டுவந்தவருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். வளைகுடாவில் வேலை பார்த்து முடித்து ஊரோடு வந்துவிட்டவர். அந்த ஊர் வழக்கப்படி நான் அவரைக் காக்கா என்றுதான் கூப்பிட்டேன், அண்ணன் என்று அர்த்தம். கையில் ஒரு பிஸ்கட் டின். அதற்குள் துண்டில் சுற்றிய ஒன்று.

"அண்ணாச்சி, சின்ன ரயிலுக்கு வைத்தியம் பாக்கிறது நீங்கதானே?"

"மோட்டாருக்குப் பாக்கேன். தொறங்க, பாப்போம்."

துண்டை விரித்தார். கறுப்பு நிறம், இரண்டு பக்கமும் தண்ணீர்த் தொட்டி ஒட்டிய குட்டி இஞ்சின். புகைபோக்கி ஓரத்தில் மட்டும் பெயின்ட் உதிர்ந்திருந்தது. இதே வகை ஒன்று என்னிடம் இருந்தது. அது செய்த காலத்தில் கலந்த ஈயமோ என்னவோ கெட்டதாகப் போய், உடம்பெல்லாம் விரிசல் விட்டு, ஒருநாள் கையில் எடுக்கும்போதே பிஸ்கட் மாதிரி உடைந்தது. அதற்கு மருந்து கிடையாது. அந்த விரிசல் இல்லாத ஒன்று கிடைக்காதா என்று நான் கேட்காத ஆள் இல்லை, ஏறாத வீடு இல்லை. இதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கீறல் விரிசல் இல்லை.

"விலைக்குத் தருவீகளா?" என்று நேராகக் கேட்டேன்.

"வாப்பா சாமானை விக்கிறதா?" என்று முகத்தைச் சுளித்தார். பிறகு அவரே சொன்னார். "வாப்பா கொழும்புல கடை வச்சிருந்தாஹ. அங்கேயிருந்து கொண்டாந்தது. அவஹ மவுத்தாகிப் பல வருஷம் ஆச்சு. எங்க ஊர்ல வீடு பொம்பளைப் பிள்ளைக்குத்தானே, வீடு இப்ப எங்க ராத்தாவுக்கு. நான் பொஞ்சாதி வீட்டுல ஈக்கிறேன். வீட்டுல உள்ள சாமானுக்கும் ராத்தா வச்சதுதான் சட்டம்."

"அக்கா என்ன சொல்லுதாக?"

"ஓடாத சாமான் மய்யித்து மாதிரி, உசுரு போன உடம்புங்கிறாஹ. என் அலமாரியில மய்யித்து வேணாம்ட்டாஹ. ஓடினா கொண்டா, வாப்பா நினைப்பா ஈக்கட்டும். ஓடலைன்னா அந்தத் திருநெல்வேலிக்காரருக்கே குடுத்துட்டு வந்துரு, அவராவது உதிரிச் சாமானுக்கு வச்சுக்கிடட்டும்னு சொல்லி அனுப்பினாஹ."

அவர் போன பிறகு இஞ்சினை மேசையில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓடினால் அவர்களுக்கு. ஓடாவிட்டால் எனக்கு. என்ன சட்டம் இது?

வீட்டில் சொன்னேன். என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"இதுல என்ன யோசனை? ஓடலைன்னு சொல்லிருங்க. சோலி முடிஞ்சுது."

"என்ன பேச்சு பேசுத? நான் கை வச்சு ஒரு மோட்டார் ஓடலைன்னு காயல்பட்டினத்துல போய்ச் சொல்லணுமா அந்த மனுஷன்?"

"அப்ப ஓட வச்சுக் குடுங்க."

"குடுத்தா போயிருமேட்டி!"

"கோட்டி புடிச்ச மனுஷன்," என்று கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நியாயம்தான். கோட்டிதான்.

வேலையை ஆரம்பித்தேன். புகைபோக்கிக்குள் ஒரே ஒரு திருகு. அதைக் கழற்றினால் மேல்கூடு தனியாக வரும். கழற்றினேன். அதே வாடை. தேங்காய் எண்ணெய் கறுத்துப் பிசினாகி, பல்சக்கரங்களைச் சேர்த்துப் பிடித்திருந்தது. கண்டபடி திட்டினேன். கடைக்குப் பம்பு கொண்டுவந்த ஒரு விவசாயி தன்னைத்தான் திட்டுகிறேன் என்று எழுந்துவிட்டார். "ஒம்மை இல்லவே, உக்காரும்" என்று சொல்லி அவருக்கு டீ வாங்கிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

பிசினைத் தின்னரில் ஊற வைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் பைய எடுத்தேன். மோட்டாரின் காயிலில் ஒன்று அறுந்திருந்தது. முழுவதும் பிரித்து, தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பியில் புதிதாகக் கட்டினேன். பம்பு மோட்டாருக்கு இழுக்கிற மாதிரி இழுக்க முடியாது, இந்தக் கம்பி மூச்சு விட்டாலே அறுந்துவிடும். அறுந்தது. மறுபடி கட்டினேன். அளவான கார்பன் எங்கும் கிடைக்காது, மிக்சி கார்பனை எடுத்து அரத்தில் ராவி ராவி அரிசி அளவுக்குக் கொண்டுவந்தேன். கடைசியாகத் தையல் மெஷின் எண்ணெய், ஊசி முனையால், ஒரு பொட்டு.

தண்டவாளத்தில் வைத்துத் திருகியைத் திருப்பினேன். ஒரு குலுக்கல். பிறகு கிளம்பியது. அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்ல? நெல் மெஷினைத் தூரத்தில் கேட்பது மாதிரி, ஆனால் உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவுக்கு. மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தது. வளைவில் மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்பும். ஒரு டீ ஆறிப்போனது தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நாட்களில் நான் யாரிடமும் சண்டை போடவில்லை என்று என் மனைவி சொன்னாள். இருக்கும்.

காக்கா போன் செய்வார்.

"ஆச்சா அண்ணாச்சி?"

"ஆவுது, ஆவுது. பழைய சாமான்லா, அவசரப்பட்டா ஆவாது."

ஓடிக்கொண்டிருந்தது. தினமும் காலையில் கடை திறந்ததும் முதல் வேலை அதை ஓட்டுவதுதான். கொடுக்க மனம் வரவில்லை, ஓடவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஆவணி போய்ப் புரட்டாசியும் வந்துவிட்டது. ஆயுத பூஜைக்கு மறுநாள் ஜங்ஷனுக்கு ஒரு சோலியாக வருவதாகவும், அப்படியே கடைக்கும் வருவதாகவும் காக்கா சொல்லிவிட்டார். இனி இழுத்தடிக்க முடியாது.

ஆயுத பூஜைக்கு என் மனைவி கடைக்கு வந்துவிடுவாள். வருஷத்தில் அன்று ஒருநாள் கடை அவளுடையது. பெருக்கிக் கழுவி, காயில் சுற்றும் மெஷின், டிரில், வைஸ், குறடு எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பாள். பொரி, கடலை, வாழைப்பழம். வாசலில் நிற்கும் என் மோட்டார் சைக்கிளுக்குச் சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம். அந்த வருஷம் மாடியிலிருந்து கறுப்பு இஞ்சினையும் எடுத்துவந்து மெஷின்களுக்கு நடுவில் வைத்தாள். அதன் ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு துளி சந்தனம், ஒரு துளி குங்குமம். சின்னப் பொட்டு வைக்கத் தீக்குச்சி எடுத்துக்கொண்டாள்.

"இதுக்கு எதுக்குடி?"

"வண்டி இல்லையா இது? பொம்மைன்னா சண்டைக்கு வாரீக, வண்டின்னு பொட்டு வச்சா எதுக்குங்கீக."

எலுமிச்சம்பழம் அதற்குப் பெரிது, வைத்தால் இஞ்சின் குடை சாய்ந்துவிடும். அவள் இரண்டு சுண்டைக்காயை எடுத்துச் சக்கரத்துக்கு முன்னால் வைத்தாள். நான் சிரித்துவிட்டேன். பூஜை போட்டால் மறுநாள் காலை வரை எந்த ஆயுதத்தையும் தொடக் கூடாது. தொடவில்லை. அப்படியே பூட்டிவிட்டுப் போனோம்.

மறுநாள் காலையில் அவளைக் கடையில் விட்டுவிட்டு, பக்கத்துத் தெருவில் ஒரு மோட்டாரை மாட்டிக் கொடுக்கப் போனேன். திரும்பி வரும்போது காக்கா வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். உள்ளே பூஜைப் பொருளெல்லாம் எடுத்தாகிவிட்டது. இஞ்சின் மேசையில் கறுப்பாக, பளிச்சென்று இருந்தது. பொட்டு இல்லை. நல்லது, அவளே எடுத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

"வாங்க காக்கா, ஒங்க வாப்பா வண்டி ஓடுததப் பாருங்க," என்று பெருமையாகத் தண்டவாளத்தில் வைத்துத் திருகியைத் திருப்பினேன்.

ஒன்றும் இல்லை.

இன்னும் திருப்பினேன். அசையவில்லை. விரலால் தள்ளினேன். சக்கரம் இறுக்கமாக நகர்ந்தது, மோட்டார் மூச்சு விடவில்லை. ஒயரைப் பார்த்தேன், தண்டவாளத்தைத் துடைத்தேன், எடுத்துத் திருப்பி வைத்தேன். காக்கா என் மேல் இரக்கப்பட ஆரம்பித்துவிட்டார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"விடுங்க அண்ணாச்சி. மாசக்கணக்கா மெனக்கெட்டீங்க. ஹயாத்து முடிஞ்ச சாமான், நீங்க என்ன செய்வீங்க? ராத்தா சொன்ன மாதிரி உங்களுக்கே ஈக்கட்டும்."

டீயைக் குடித்து முடித்துவிட்டு வாசலுக்குப் போனார். ஒரு செருப்பில் கால் நுழைத்துவிட்டார். இஞ்சின் என் கையில் இருந்தது. என் இஞ்சின். நான் பொய் சொல்லவில்லை, ஏமாற்றவில்லை, அவர்கள் சட்டப்படியே வந்துவிட்டது. முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தேன்.

சந்தன வாசம்.

கவிழ்த்தேன். சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் மஞ்சளாக ஒரு கோடு. சக்கரங்கள் தண்டவாளத்தைத் தொடுகிற இடமெல்லாம் மெல்லிசாகக் காய்ந்த சந்தனப் பூச்சு.

"யாரு இதத் தண்ணியத் தொட்டுத் தொடைச்சது?" என்று கத்தினேன்.

உள்ளேயிருந்து என் மனைவி வந்தாள். "நாந்தான். பொட்டோட குடுத்தா அவுகளுக்கு ஒரு மாதிரி இருக்கும்லா? அதான் ஈரத்துணியை வச்சு நல்லாத் தொடைச்சேன். அதுக்கு ஏன் இந்தக் கத்து கத்துதீக?"

"நல்லாத் தொடைச்சியா? சந்தனத்தக் கரைச்சு உள்ள விட்டிருக்க! சக்கரமெல்லாம் பூசிருக்கு, கரண்டு எந்த வழியாப் போவும்? முந்தாநாள் வரைக்கும் குதிரை மாதிரி ஓடிச்சு! ஒரு மாசமா இந்த மேசையச் சுத்திச் சுத்தி..."

அவள் கண்ணாலேயே வாசலைக் காட்டினாள். காக்கா ஒரு காலில் செருப்போடு, மறு காலில் இல்லாமல், அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

"ஒரு மாசமா ஓடிச்சா?"

நான் வாயை மூடினேன். காலம் கடந்து மூடினேன்.

இதை நேர்மை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். யோசிக்க அரை நிமிஷம் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. சந்தனத்தால் என் வேலைக்குக் கெட்ட பேர் வந்தது, எனக்குக் கோபம் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

காக்கா செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தார்.

"அப்ப தொடைச்சா ஓடும்."

"ஓடும்."

"நிச்சயமா ஓடும்?"

"ஓடும்னா ஓடும்வே! எத்தனை தரம் கேப்பீரு?"

அவர் சிரிக்க ஆரம்பித்தார். "வாப்பா ரயிலுக்குப் பொட்டு வச்சு விட்டிருக்கீங்களே! அதைத் தொடைச்சும் வச்சிருக்கீங்களே!" என்று தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். என் மனைவியும் சேர்ந்துகொண்டாள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. சக்கரத்தைக் கழற்றித் தின்னரில் துடைத்து, மாட்டி, வைத்தேன். ஓடியது. ஓடாமல் என்ன? அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, அது மூன்று நான்கு சுற்று வருவதைப் பார்த்தார். பிறகு துண்டை எடுத்து விரித்தார்.

"பொறும்," என்றேன். "டின்னுக்குள்ள போட்டு ஆட்டி ஆட்டிக் கொண்டு போனா ஆவாது. நானே வாரேன்."

அடுத்த வாரம் திருச்செந்தூர் ரயிலில் மடியில் இஞ்சினோடும் பையில் தண்டவாளம், திருகியோடும் போனேன். காக்கா ஸ்டேஷனுக்கு வந்து கூட்டிப்போனார். ராத்தா வீட்டு நடு ஹாலில் தரையில் தண்டவாளத்தை வட்டமாகப் பூட்டினேன். ராத்தா வெளியே வரவில்லை. உள்ளறைக் கதவுத் திரைக்குப் பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

இஞ்சினை விட்டேன். வழுக்குத் தரை, உயரமான கூரை, சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. பல சுற்று வந்தது. திரைக்குப் பின்னால் பேச்சே இல்லை. காக்கா கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்தார்.

"வாப்பா மாடியில ஓட்டுவாஹ," என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். "கீழே எங்களுக்கு இந்தச் சத்தந்தான் கேக்கும்." கொஞ்சம் பொறுத்து அதே குரல், "கொஞ்சம் தேங்காண்ணெய் விட்டா இன்னும் நல்லா ஓடும்லா?"

"தேங்காண்ணெயா?" வந்த வீடு, முன்பின் தெரியாத பெண் என்றெல்லாம் பார்க்காமல் கத்திவிட்டேன். "அந்த எண்ணெய விட்டுத்தான இத்தன வருஷமாக் கெடந்துச்சு! எவன் விட்டான்னு தெரிஞ்சா..."

காக்கா என் கையைப் பிடித்து அழுத்தினார். திரைக்குப் பின்னால் சிரிப்பு.

"எவனும் இல்ல. விட்டது நாந்தான். வாப்பா மவுத்தான பிறகு நின்னு போயிடக் கூடாதேன்னு விட்டேன்."

குரலை இறக்கிக்கொண்டேன். "மெஷின் எண்ணெய்தான் விடணும், அதுவும் ஒரு பொட்டு," என்றேன்.

"அப்ப எண்ணெய் விட இவரே வரட்டும்," என்று தம்பியிடம் தீர்ப்புச் சொல்லிவிட்டார். தண்டவாளத்தையும் திருகியையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

இப்போது மாசத்துக்கோ இரண்டு மாசத்துக்கோ ஒருமுறை போகிறேன். சட்டைப் பையில் எண்ணெய்ப் புட்டி, கொஞ்சம் தின்னர், பழைய பிரஷ், ஒரு திருப்புளி. இஞ்சின் அலமாரியில் பீங்கான் கோப்பைகளுக்கு நடுவில் நிற்கிறது. என் அலமாரியில் நின்றிருக்கலாம். முன்பு அந்த நினைப்பு வந்தால் எரிச்சலாக இருக்கும். இப்போது அதை இறக்கி, ஓட்டி, திரைக்கு அந்தப் பக்கம் பேச்சு அடங்குவதைக் கேட்கிறேன். என் அறையில் அது ஓடினால் நான் மட்டும்தான் கேட்பேன்.

போன மாசம் ஒரு சோலியில் மாட்டிக்கொண்டு போக முடியவில்லை. காக்கா போன் செய்தார், "அண்ணாச்சி, வண்டி நின்னு போச்சு." அடித்துப் பிடித்துக்கொண்டு ரயிலேறினேன். புகைபோக்கித் திருகைக் கழற்றிக் கூட்டைத் தூக்கினேன். புதுத் தேங்காய் எண்ணெய், சொட்டச் சொட்ட.

"கோட்டியா ஒங்களுக்கு?" என்று திரையைப் பார்த்துக் கத்தினேன். "படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"ஓடினா வர மாட்டேங்கிறீங்க," என்றது ராத்தாவின் குரல், கொஞ்சமும் பயமில்லாமல். "நின்னாத்தான் வாரீங்க. சாப்பிட்டுட்டுப் பைய சரி பண்ணுங்க, வட்டிலாப்பம் ஈக்குது. உங்க வீட்டு ஆளுக்கும் ஒரு டப்பா எடுத்து வச்சிருக்கிறேன்."

பிரஷைத் தின்னரில் நனைத்துக்கொண்டே திட்டினேன். அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சாயங்கால ரயிலுக்கு நேரம் நிறைய இருந்தது.